வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வாரம்

ஜூன் 10, திங்கள்

முட்டை வந்தது. அட்டைக்கு இரண்டு உடைசல். வண்டிக்காரனைப் போகவிடாமல் நிறுத்தி, உடைந்ததையெல்லாம் மாற்றி வாங்கினேன். ஒச்சம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "டீச்சர் போட்ட சத்தத்துல கோழியே வந்து இன்னொரு தடவ முட்ட போட்டுட்டுப் போயிருக்கும்" என்றாள். சத்துணவு அமைப்பாளரை யாரும் டீச்சர் என்று மதிப்பதில்லை. சமையல்காரி ஒச்சம்மாள் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். அதனால் அவள் வாய்க்குக் கொஞ்சம் இடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கம்பம் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு, தவமணி என்று பெயர் சொன்னார்.

"ஜெயக்கொடிங்களா? வீரணன்ங்கிறது உங்க வீட்டுக்காரராம்மா?"

ஆமாம் என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

சனிக்கிழமை கம்பம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். போஸ்ட்மார்ட்டம் ஆகி, ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறாராம்.

"கூட இருந்த அம்மா வந்து கேக்குது. ஆனா ஆதார், ரேஷன் கார்டு ரெண்டுலயும் உங்க வீட்டு விலாசம்தாம்மா இருக்கு. அந்தம்மாகிட்ட ஒரு காயிதமும் இல்ல. ரோட்டுல விழுந்து செத்த கேஸு, கண்டவங்க கையில குடுக்க முடியாது. நீங்க வந்துதான் வாங்கணும்."

கூட இருந்த அம்மா. போலீஸ்காரர்களுக்கு எவ்வளவு மரியாதை தெரிகிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். போர்வை, தலையணை உறை, கதவுத் திரை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். அழுகை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 11, செவ்வாய்

கொண்டைக்கடலை சாதம். கடலை வேகவில்லை என்று ஒச்சம்மாளைத் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன், ராத்திரி ஊறப்போடச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லாமல் வந்திருக்கிறேன்.

இவருக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது. கூடப் பிறந்தவர் ஒரு அண்ணன், அவரும் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கும் இவரால் பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டபோது அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்கினேன். எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

திராட்சை லோடு ஏற்ற கம்பத்துக்குப் போன டிரைவர் அங்கே இட்லிக் கடையில் சாப்பிட்டார். சாப்பிட்டவர் அங்கேயே தங்கிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கதை இவ்வளவுதான். கடைக்காரி பெயர் ரெஜினா. ஊர் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு என்று நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். காற்று வரும் என்பதற்காக. அந்தப் பக்கம்தான் கடையும் இருக்கிறது. பச்சைத் தகர ஷெட், வாசலில் நீலக் குடம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆவி பறக்கத் தட்டைக் கவிழ்ப்பாள். அவர் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை.

போன கொஞ்ச காலத்தில் ஒரு தடவை வந்தார். வாசலிலேயே நின்றார். "ரேஷன் கார்டுலருந்து என் பேர எடுத்து விட்ரு ஜெயா. எங்க போனாலும் கார்டு கேக்குறாங்க. இதுல இருந்து எடுத்தாத்தான் அங்க சேக்க முடியும்." மீசை கறுகறுவென்று இருந்தது. புதுச் சட்டை. தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளித்த வாசனை. யார் தேய்த்துவிட்டிருப்பார்கள் என்று யோசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவு சர்டிபிகேட்டோட வாங்க, எடுத்து விடுறேன்" என்றேன்.

அப்புறம் வரவில்லை. மாதாமாதம் அவர் பங்கு அரிசியையும் சேர்த்து வாங்கிக் கோழிக்குப் போட்டேன். அவள் கார்டில் அவர் பெயர் ஏறவில்லை. கடைசிவரை ஏறவில்லை. ஊரில் என்னை வைக்கோல்படப்பு நாய் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். படப்பு என்னுடையது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளே போன் பண்ணினாள். ஏட்டுதான் நம்பர் கொடுத்திருக்க வேண்டும்.

"அக்கா, நான் ரெஜினா பேசுறேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அவுகள ஒரே ஒரு தடவ வீட்டு வாசல்ல எறக்கி, தலையில தண்ணி ஊத்தி அனுப்பிடுறேன்க்கா. அது மட்டும் போதும். மத்த செய்மொற எல்லாம் நீங்களே செய்ங்க. நான் தள்ளி நின்னுக்கிறேன். காலைல டீ குடிக்காமப் போனவுக, அப்படியே..."

போனை வைத்துவிட்டேன். காலையில் டீ குடித்தாரா குடிக்கவில்லையா என்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 12, புதன்

கம்பம் போய் வந்தேன். இடுப்பு விட்டுப்போகிறது.

பிணவறைக்கு வெளியே சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தில் பார்த்தது இன்றுதான். நான் நினைத்த அளவுக்கு அழகெல்லாம் இல்லை. முன்பக்கம் நரைத்துவிட்டது. பெருத்த உடம்பு, குதிகால் வெடித்திருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து அங்கேதான் கிடக்கிறாள் என்று ஏட்டு சொன்னார். கையில் வளையல் இல்லை. கழற்றிவிட்டாள் போல. தாலி கட்டாதவளுக்கு வளையலைக் கழற்ற என்ன அவசரம்? என் கையில் வளையல் இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏட்டு தவமணி நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். போட்டோவை நீட்டினார். நான் பார்க்கவில்லை. பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சரியாக இருக்கும்போது முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றேன்.

"உள்ள வந்து ஒரு தடவ பாத்துருங்கம்மா."

"வேண்டாம். எனக்கு அவரே வேண்டாம். எங்க எழுதணும், சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கணவர் வீரணனின் உடலைப் பெற்றுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கையெழுத்து அழகாகவே வந்தது.

"அப்படியே கீழ ஒரு வரி சேத்துருங்கம்மா. ரெஜினாங்கிறவங்ககிட்ட ஒப்படைக்க ஆட்சேபணை இல்லன்னு. எங்களுக்கும் வேல முடிஞ்சிரும், அந்தம்மாவும் பாவம்."

"அது முடியாது."

"அப்ப முனிசிபாலிட்டிக்குத்தான் எழுதணும். அநாதப் பொணம் கணக்குல சேந்துரும். யோசிச்சுக்கங்க."

"சேரட்டும்."

அவர் பேனாவை மூடிக்கொண்டே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னார். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து வண்டியில் எடுத்துப் போவார்களாம். எரிக்க மாட்டார்களாம், புதைப்பார்களாம். பின்னால் எப்போதாவது சொந்தக்காரர் தேடி வந்தால் காட்ட வேண்டுமே என்று, மேட்டில் நம்பர் போட்டு ஒரு கல் நடுவார்களாம். "சொந்தக்காரரே வேண்டாம்னு எழுதிக் குடுத்ததுக்கும் கல்லு நடுவாங்களா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் நடுவாங்கம்மா" என்றார்.

வெளியே வரும்போது அவள் எழுந்து நின்றாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்தேன். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

ஜூன் 13, வியாழன்

சாம்பார் சாதம் நன்றாக அமைந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டன பிள்ளைகள். மனசு நிம்மதியாக இருக்கிறது. எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. சர்க்காருக்கு.

ஒச்சம்மாளிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அண்டா கழுவும்போது சொல்லிவிட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எதிராளிக்குச் சகுனத்தட ஆகணும்னு தன் மூக்க அறுத்துக்கிட்ட கதையாவுல இருக்கு."

"என் மூக்கு என் இஷ்டம்."

"நெத்திப் பொட்ட என்ன செய்யப் போறீக டீச்சர்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த புருஷனுக்கு விதவையாக இருப்பதா, வேண்டாமா? கேட்டால் தலைமை ஆசிரியைக்குக்கூடத் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன். முகம் யாரோ மாதிரி இருந்தது. திரும்ப வைத்துக்கொண்டேன்.

பிறகு எழுதுவது: ஆறு மணிக்கு ஏட்டு போன். நாளைக் காலையில் முனிசிபாலிட்டி மயானத்தில் அடக்கம் என்று தகவல் சொல்லிவிட்டு, "அந்தம்மாவும் வருது" என்றார்.

"அவ எப்படி வரலாம்? நான்தான் எழுதிக் குடுக்கலியே."

"நீங்க வேணாம்னு சொன்னதுக்கப்புறம் அது அநாதப் பொணம்மா. அநாதப் பொணத்துக்கு யாரு வேணாலும் வந்து நிக்கலாம், ஒரு பிடி மண்ணு போடலாம். அதுக்கெல்லாம் நாங்க ஆதார் கேக்க மாட்டோம்."

அப்படியானால் நானே அல்லவா தூக்கிக் கொடுத்திருக்கிறேன். என் கார்டில், என் விலாசத்தில், என் பெயரில் இருந்த வரைக்கும் அவளால் தொட முடியவில்லை. கையெழுத்துப் போட்டு அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன், இடுப்பு வலிக்கப் போய்.

ஜூன் 14, வெள்ளி

ஸ்டோர் சாவியை ஒச்சம்மாளிடம் கொடுத்தாயிற்று. தேனியில் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். "பல்லு வலிக்குப் பட்டுச் சேலையா டீச்சர்?" என்றாள். பட்டு இல்லை. பட்டு மாதிரி.

ஜூன் 15, சனி

நேற்றைக்கு நடந்ததை எழுத வேண்டும்.

மயானம் ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி. ஒரு ஓரமாக முனிசிபாலிட்டிக்கு ஒதுக்கிய இடம். வரிசையாக மண்மேடுகள், ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட சின்னக் கல். குழி வெட்டித் தயாராக இருந்தது. சுகாதார ஆய்வாளர் இன்பராஜ், தூக்குகிற ஆட்கள் இருவர், ஏட்டு தவமணி. தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் ரெஜினா, அவளோடு நாலைந்து பெண்கள். நான் மயான கேட் பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டேன். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன். அவள் எங்கே நிற்கிறாள், எவ்வளவு அழுகிறாள், மண் போடுகிறாளா என்று பார்க்க.

வெள்ளைத் துணியில் சுற்றிய உடம்பை வண்டியிலிருந்து இறக்கிக் குழிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தூக்குகிறவர்களில் மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மயானத்தைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"வீரணனுக்குச் சொந்தம் யாராச்சும் இருக்கீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது, அது அவர்கள் வழக்கம். யாரும் இல்லை என்று தெரிந்திருந்தாலும் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் குழிக்குள் இறக்குவார்கள். சர்க்கார் சொல்லி வைத்தது இல்லை, அவர்களாக வைத்துக்கொண்டது. கேட்காமல் புதைத்தால் தங்கள் மேல் பழி என்று நினைக்கிறார்கள்.

இரண்டாம் தடவை கூப்பிட்டார். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் தடவை கூப்பிட்டபோது மரத்தடியில் ரெஜினா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்ல வந்தாளோ தெரியாது. அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான் இருக்கேன்."

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெரியவர் முகத்தில் ஒரு பயம் வந்து போனது. இத்தனை வருஷத்தில் யாரும் பதில் சொன்னதில்லையாம்.

ஆய்வாளர் கிட்டே வந்தார். "நீங்க யாரும்மா?"

"சம்சாரம். எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க ஊருக்குக் கொண்டு போறேன்."

ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஆய்வாளர் நிதானமானவர். "மண்ணு மூடுற வரைக்கும் சொந்தக்காரங்களுக்கு உரிமை இருக்கும்மா. முகத்தைப் பாத்து, இவருதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வண்டியத் திருப்பிரலாம்" என்றார். பெரியவர் குனிந்து முகத்துணியை விலக்கினார்.

ஒரு கிழவர் படுத்திருந்தார்.

வெள்ளைத் தாடி. பல் இல்லாமல் கன்னம் ஒட்டி, வாய் உள்ளே போயிருந்தது. நெற்றி வழுக்கை. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் தள்ளி உட்கார்ந்திருப்பேன். ஆள் மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னுடையவர் கறுத்த மீசையும் புதுச் சட்டையுமாக வாசலில் நின்றவர். ராத்திரி படுக்கையில் புரளும்போதெல்லாம் நான் திட்டியது அவரைத்தான். இந்தக் கிழவரை அல்ல.

"சொல்லுங்கம்மா. இவருதானா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. நான் திரும்பி, வேப்பமரத்தடியில் நிற்கிறவளைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏம்மா, இவருதானா?"

அவள் கிட்டே வந்தாள். முகத்தைப் பார்க்கக்கூட இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"ஆமாக்கா. அவுகதான்."

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப உங்க ஊருக்கு..." என்று ஆய்வாளர் ஆரம்பித்தார்.

"வேண்டாம். அவ வீட்டுக்குக் கொண்டு போங்க. வாசல்ல எறக்கி, தண்ணி ஊத்தினதும் இங்கேயே கொண்டாந்து வச்சிரலாம்" என்றேன்.

பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஏட்டுக்குக் கண் கலங்கியது. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. முகம் தெரியாத ஒரு ஆளைக் கொண்டுபோய் என் வாசலில் கிடத்திவிட்டு, என்ன சொல்லி அழுவேன்? புதன்கிழமை எழுத மாட்டேன் என்ற அந்த ஒரு வரியை வண்டி பானட் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை கையெழுத்து கோணலாக வந்தது.

வண்டியில் டிரைவர் பக்கத்தில் என்னை ஏற்றினார்கள். அவள் பின்னால் அவரோடு உட்கார்ந்துகொண்டாள்.

குறுகலான தெரு. ஒற்றை அறை வீடு. தெருவே வாசலில் கூடியிருந்தது. கொடியில் ஒரு கோடு போட்ட கைலி காய்ந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அவர் மாமாவாம், ஒருத்திக்குப் பெரியப்பாவாம். ஒருத்தி, என் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கிவிட்டீகளே என்று மாரில் அடித்துக்கொண்டாள். என்னோடு இருந்த காலத்தில் அவர் எந்தப் பிள்ளையையும் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை.

"இது யாரு?" என்று என்னைக் காட்டி ஒரு கிழவி கேட்டாள்.

"அவுக வீட்டம்மா" என்றாள் ரெஜினா. எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கிறவளுக்கு விட்டுக்கொடுக்க நிறைய இருக்கிறது.

வாசலில் பெஞ்சில் கிடத்தினார்கள். சுற்றிய துணியைப் பிரிக்கக்கூடாது, முகம் மட்டும் திறக்கலாம் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். ரெஜினா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க மொதல்ல ஊத்துங்கக்கா."

ஊற்றினேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் அவள் சட்டென்று குனிந்து, உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினாள்.

"போன வாரந்தான் கண் ஆப்பரேசன் செஞ்சதுக்கா. தண்ணி பட்டுறக் கூடாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் அவள் கையை எடுக்கவில்லை. நான் குடத்தைக் கொஞ்சம் சரித்து, அந்தக் கையில் படாமல் மெதுவாக ஊற்றி முடித்தேன்.

இத்தனை வருஷமும் அவள் தலையில் பூ வைத்திருப்பாள், இருவரும் சினிமாவுக்குப் போவார்கள், சிரிப்பார்கள் என்று நினைத்து நினைத்து வெந்தேன். தப்பான இடத்தில் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டது அவள். அந்தப் பல் ஒவ்வொன்றாக விழுந்தபோது பக்கத்தில் இருந்தது அவள். அவர் கிழவரானதை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இன்றைக்குப் படுகிறேனே, இதுதான் பொறாமை.